கம்யூனிகேஷன் எரர் வந்தால் முதலில் எதை எடுப்பது: மீட்டரா, லேப்டாப்பா, ஸ்கோப்பா?

டிஸ்ப்ளேயில் ஆர்பிஎம் காணோம், டீசல் அளவு கோடு கோடாக நிற்கிறது, பூமைத் தூக்கினால் இன்ஜின் திணறுகிறது. ஆபரேட்டர் போன் போட்டு, "அண்ணே, கம்யூனிகேஷன் எரர்னு காட்டுது" என்கிறார். எந்தக் கம்பெனி எக்ஸ்கவேட்டராக இருந்தாலும் நமக்கு அது பொக்லைன்தான். அந்தப் பொக்லைன் பக்கத்தில் போய் நின்றதும் பையிலிருந்து முதலில் எதை எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. சிலர் மல்டிமீட்டர், சிலர் லேப்டாப், வசதி உள்ளவர்கள் ஆசிலோஸ்கோப், அதாவது கம்பியில் ஓடும் வோல்ட்டை அலையாகத் திரையில் காட்டும் கருவி. நான்காவது கட்சியும் உண்டு: பக்கத்து வண்டியிலிருந்து கண்ட்ரோலரை, அதாவது வண்டியை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியை, கழற்றி மாட்டிப் பார்ப்பது. நான் மீட்டர் கட்சி. ஆனால் மீட்டர் என்னை ஏமாற்றிய இடங்களும் இருக்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் கண்ட்ரோலர், பம்ப் கண்ட்ரோலர், டிஸ்ப்ளே எல்லாம் முறுக்கிய இரண்டே கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. பாஷ் கம்பெனி 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் முறை அது; கனரக வண்டிகளுக்காக அதன் மேல் எழுதிய விதிமுறைதான் ஜே1939. வேகம் விநாடிக்கு 250 கிலோபிட், புதிய வண்டிகளில் 500-உம் வருகிறது. கம்பியின் இரண்டு முனையிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை). நம் நாட்டில் 2021 ஏப்ரலில் கட்டுமான வண்டிகளுக்கு நான்காம் கட்டப் புகை விதி வந்த பிறகு சைலன்சர் பக்கமும் சென்சார்கள் பெருகிவிட்டன. அதனால் இந்தத் தொல்லையும் கூடியிருக்கிறது.

மீட்டரில் எனக்குப் பிடித்தது, அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். பேட்டரி ஐசொலேட்டரை (மெயின் சுவிட்ச்) ஆஃப் செய்து, சில நிமிடம் பொறுத்து, டயக்னாஸ்டிக் கப்ளரில், அதாவது லேப்டாப் மாட்டும் சாக்கெட்டில், கேன் ஹை, கேன் லோ என்ற அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வந்தால் இரண்டு ரெசிஸ்டரும் உயிரோடு இருக்கின்றன, நடுக்கம்பி அறுபடவில்லை. 120 என்றால் ஒரு பக்கம் போய்விட்டது. 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் மாட்ட வந்தவரை விசாரிக்கலாம். பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டுவிட்டன. கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டியதுதான். அப்புறம் சாவி போட்டு வோல்ட்: ஹை 2.5-க்குச் சற்று மேலே, லோ சற்றுக் கீழே, இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 5. இதெல்லாம் பத்து நிமிட வேலை.

ஒரு எச்சரிக்கை. ஒன்பது பின் டயக்னாஸ்டிக் கப்ளர் வெளியே பார்க்கப் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே ஒன்றல்ல. ஜே1939 முறைப்படி சி, டி பின்களில் கேன் வரும். கேட்டர்பில்லரில் அது எஃப், ஜி. அங்கே டி, ஈ பின்களில் இருப்பது அவர்களுடைய பழைய டேட்டா லிங்க். தவறான பின்னில் ஓம் பார்த்துவிட்டு "லைன் கட்" என்று ஹார்னஸை, அதாவது கம்பிக் கட்டை, பிரித்துப் போட்டவர்கள் உண்டு. சில வண்டிகளில் முனை ரெசிஸ்டர் கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். அந்தக் கப்ளரைக் கழற்றினால் 120 காட்டத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

சரி, மீட்டர் எங்கே ஏமாற்றும்? மெயின் லைனிலிருந்து ஒரு கண்ட்ரோலருக்குப் பிரியும் கிளைக் கம்பி அறுந்தால், கப்ளரில் அப்போதும் 60-தான் காட்டும். லைன் நன்றாக இருக்கிறது, ஒருவர் மட்டும் பேசவில்லை. இங்கே லேப்டாப்தான் ஜெயிக்கும். கேட்டர்பில்லர் ஈடி, கம்மின்ஸ் இன்சைட், வால்வோ டெக் டூல் மாதிரி கம்பெனி மென்பொருளை மாட்டினால் யார் லைனில் இருக்கிறார், யார் இல்லை என்பது தெரிந்துவிடும். கம்பெனி மென்பொருள் கிடைக்காவிட்டால் யுஎஸ்பி கேன் அடாப்டர் போதும்: ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணிலும் கடைசி இரண்டு இலக்கம் அனுப்பியவரின் முகவரி, 00 என்றால் இன்ஜின், 03 என்றால் கியர்பாக்ஸ். கேட்க மட்டும் செய்யும் மோடில் வையுங்கள். தவறான வேகத்தில் சாதாரண மோடில் மாட்டினால், அடாப்டரே பிழைச் செய்தி அனுப்பி லைனைக் கலைத்துவிடும்.

ஆனால் லேப்டாப்பில் வரும் ஃபால்ட் கோடு (பிழை எண்) பெரும்பாலும் புகார் கொடுப்பவரின் வாக்குமூலம். எஸ்பிஎன் (எதில் பிழை) 639, எஃப்எம்ஐ (என்ன வகைப் பிழை) 9 என்றால் எதிர்பார்த்த செய்தி நேரத்துக்கு வரவில்லை என்று ஒரு கண்ட்ரோலர் முறையிடுகிறது, அவ்வளவுதான். அனுப்ப வேண்டியவருக்குக் கரன்ட் போனதா, எர்த் விட்டதா என்று அது சொல்லாது. பேசாத கண்ட்ரோலரின் சப்ளையையும் எர்த்தையும் 24 வோல்ட் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாருங்கள். ஒற்றை இழையில் தொங்கும் கம்பி மீட்டரில் முழு வோல்ட் காட்டும், பல்ப் போட்டால் மங்கிவிடும். கேன் கம்பியில் மட்டும் அந்த லாம்ப்பை வைத்துவிடாதீர்கள்.

ஸ்கோப் வாங்கச் சொல்லி எல்லோரையும் தூண்ட மாட்டேன். ஓடும்போது வந்து, நிறுத்தினால் மறையும் ஃபால்ட்டுக்கு அதுதான் மருந்து. 250 கிலோபிட்டில் ஒரு பிட் 4 மைக்ரோவிநாடி. மீட்டர் அதைச் சராசரியாக்கிக் காட்டிவிடும். ஸ்கோப்பில் இரண்டு சேனல் போட்டு ஹார்னஸைக் குலுக்கினால் எந்தக் கம்பி எப்போது விழுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எர்த் கெட்ட கண்ட்ரோலர் பேசும்போது மட்டும் அலை மேலே ஏறி நிற்கும். வாரத்துக்கு மூன்று நான்கு வண்டி பார்ப்பவருக்குப் போட்ட காசு வரும். ஒரே குவாரியில் இரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு எதற்கு?

மாற்றிப் பார்க்கும் கட்சிக்கு ஒரே ஒரு கதை. ஒரு கிரஷரில், சர்வீஸுக்கு வந்தவர் லேப்டாப்பை மட்டும் பார்த்துவிட்டு இன்ஜின் கண்ட்ரோலர் போச்சு என்று சொல்லிவிட்டார். ஓனரும் ஆர்டர் போட்டுவிட்டார். பெட்டி வந்த அன்று நான் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். ஓம் பார்த்தேன், 60. டெஸ்ட் லாம்ப் போட்டேன், மங்கல். எர்த் கப்ளரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. வாட்டர் வாஷில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சுத்தம் செய்து, பின்னை மாற்றி, சீல் போட்டதும் ஆர்பிஎம் வந்துவிட்டது. வண்டி இன்னும் பழைய கண்ட்ரோலரில்தான் ஓடுகிறது. புதியது அட்டைப்பெட்டியோடு ஓனர் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. எலக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.