பணம் யார் பெயரில் வருகிறது, எதனால் நிற்கிறது: வீட்டில் பராமரிப்போருக்கான மூன்று அரசு உதவிகள்

வீட்டில் முடியாதவரைப் பார்த்துக்கொள்வோருக்கு அரசு எவ்வளவு தருகிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். தொகை ஓரளவு இருந்தாலும், அது யார் கணக்குக்கு வருகிறது, எதனால் நின்றுபோகும் என்பதைப் பார்க்காமல் விட்டால் பின்னால் கையைக் கடிக்கும்.

இந்தியா, பிரிட்டன், ஜெர்மனி என்று மூன்று நாட்டிலும் வழி வேறு. இந்தியாவின் வழியை நாலு வரியில் முடித்துவிடலாம். வருமான வரிச் சட்டம் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவு), மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவரின் வருமானத்தில் 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள விடுகிறது. பாதிப்பு 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே இது உண்டு. 20 விழுக்காட்டு வரி கட்டுபவருக்கு 75,000-த்தால் மிச்சமாவது ஆண்டுக்குச் சுமார் 15,000. வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கும் மகளுக்கு வரியே இல்லை, ஆகவே சலுகையும் இல்லை. உண்மையில் அவருக்குத்தான் பணம் தேவை.

பிரிட்டனின் கேரர்ஸ் அலவன்ஸ், அதாவது பராமரிப்பவருக்கான உதவித்தொகை (ஸ்காட்லாந்தில் வேறு திட்டம்), பராமரிப்பவர் கணக்குக்கே நேராக வரும். 2025-26 நிதியாண்டில் வாரம் 83.30 பவுண்ட். ஒரே ஆளை வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்க்க வேண்டும். 20 மணி அப்பாவுக்கு, 15 மணி அம்மாவுக்கு என்று கூட்டிக் காட்ட முடியாது. சிக்கல் சம்பளத்தில். வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தத்தில் பாதி ஆகியவை போக வார வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது; 2025-26-இல் அது 196 பவுண்ட். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். 16 மணி வேலைக்கு 195.36 வரும், தப்பித்தீர்கள். பிடித்தம் எதுவும் இல்லாதவர் கூடுதலாக அரை மணி நின்றால் 201 ஆகிவிடும், 83.30 முழுதும் போகும். படிப்படியாகக் குறைக்கும் வழக்கமே இல்லை. மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான பிரிட்டன் அரசின் மாத உதவி) வாங்குபவருக்கு இன்னொரு கதவு உண்டு: அதிலேயே பராமரிப்புக் கூறாக, 2025-26-இல் மாதம் 201.68 பவுண்ட். அதற்கு அந்த வருமான வரம்பு கிடையாது, கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டையும் வாங்கினாலும் அலவன்ஸை வருமானமாகக் கொண்டு, அந்தத் தொகை முழுவதையும் யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து கழித்துவிடுவார்கள். ஆக, வேலை நேரம் ஏறி இறங்குபவருக்குக் கூறு மட்டும் போதும் என்பது எங்கள் கருத்து.

ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. அங்கே ஃப்ளேகெகெல்ட் என்ற பராமரிப்பு ரொக்கம் நோயாளி பெயரில் வரும். அவர் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கலாம். பராமரிப்பவரின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. நோயாளிக்கு எவ்வளவு உதவி தேவை என்று 1 முதல் 5 வரை நிலை தருவார்கள். 2025-இல் மாதத்துக்கு நிலை 2-க்கு 347 யூரோ, 3-க்கு 599, 4-க்கு 800, 5-க்கு 990. பணத்துக்குப் பதில் செவிலியர் சேவை எடுத்தால் நிலை 3-க்கு 1,497 யூரோ மதிப்பு வரை கிடைக்கும். கலந்தும் எடுக்கலாம்: சேவையில் 40 விழுக்காட்டை, அதாவது 598.80 யூரோவைப் பயன்படுத்தினால், ரொக்கத்தில் மீதி 60 விழுக்காடு, 359.40 கைக்கு வரும். குளிப்பாட்ட மட்டும் ஆள் வேண்டும் என்ற வீட்டுக்கு இந்தக் கலவைதான் லாபம்.

நிலையை முடிவுசெய்யும் மதிப்பீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்றவற்றுக்கு 40 விழுக்காடு எடை, நடமாட்டத்துக்கு வெறும் 10. அதிகாரி வரும் நாளில் தாத்தா சட்டை மாற்றிக்கொண்டு "எல்லாம் நானே செய்துகொள்வேன்" என்பார். நிலை ஒன்று குறையும். இரண்டு வாரம் முன்பே நோட்டில் எழுதி வையுங்கள்: இரவில் எத்தனை முறை எழுப்பினார், சட்டைப் பொத்தானை யார் போட்டது, மாத்திரையை யார் கொடுத்தது.

விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பிரிட்டனில் மூன்று மாதம் பின்தேதியிட்டு வாங்கலாம். ஜெர்மனியில் விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் கணக்கு. அங்கே ரொக்கம் மட்டும் வாங்குபவர் வீட்டுக்கு ஆலோசகர் குறித்த இடைவெளியில் வந்துபோக வேண்டும். தவறினால் முதலில் தொகையைக் குறைப்பார்கள், மறுபடி தவறினால் நிறுத்துவார்கள்.

ஜெர்மனியில் நோயாளி நிலை 2-இலோ அதற்கு மேலோ இருந்து, வாரத்தில் இரண்டு நாளாவது பிரித்து மொத்தம் 10 மணி நேரமாவது பார்ப்பவர், வெளிவேலை வாரத்துக்கு 30 மணி நேரத்தைத் தாண்டாதவர் என்றால், அவருடைய ஓய்வூதியச் சந்தாவைக் காப்பீட்டு நிதியே கட்டும். ஆனால் பணம் அம்மா பெயரில் வருவதால் பார்த்துக்கொள்ளும் மகளின் பெயர் அலுவலகத்துக்குத் தெரியாது. அதற்கென்று தனிக் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. அதை மகள் நிரப்பிக் கொடுத்தால்தான் சந்தா ஏறும்.