கிரே ஸ்ட்ரீட் கடையில் பாகம் பாகமாகப் பூட்டிய கணினி: எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு

2017 ஆகஸ்டில் வாங்கிய கணினி இது. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பதும் இதில்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிரே ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஆர்க்கேடு ஒன்றில், தையல் கடைக்கும் ஊதுபத்திக் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில் காத்திருக்க வேண்டிய சிறிய கடை. தெருவுக்கு டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என் வயதுக்காரர்களுக்கு அது இன்னமும் கிரே ஸ்ட்ரீட்தான். அந்தக் கடைக்காரர் என் கண்ணெதிரே ஒவ்வொரு பாகமாக எடுத்து வைத்துப் பூட்டித் தந்தார்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. டர்பனின் மெர்பேங்க் பகுதியில் வசிக்கிறேன். சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பாடத்தாள்கள், கோவில் அறிவிப்புகள், காவடிக்கும் புரட்டாசிக்கும் அச்சடிக்கும் பாட்டுத்தாள்கள், இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் 1860இல் இங்கே வந்துசேர்ந்த நவம்பர் 16ஐ முன்னிட்டுப் பிள்ளைகளுக்குச் செய்யும் சிறு கையேடு எல்லாம் இந்தக் கணினியில் உருவானவை. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் ஓடும். விளையாட்டு, படத்தொகுப்பு போன்ற கனமான வேலை எதையும் நான் இதற்குக் கொடுத்ததில்லை.

உள்ளே இருந்தவை: ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 வகை மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை), 8 ஜிபி ராம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், திரைக்காக ஜிடி 1030 என்ற சிறு கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 10க்கு முறையான உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதோடு சேர்த்து 10,400 ராண்டு. அதே வாரம் ஒரு மாலில் உலகறிந்த நிறுவனத்தின் கணினி 9,500க்குக் கிடைத்தது. சிறிய கடை என்றால் மலிவு என்று நினைத்துப் போகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். லட்சக்கணக்கில் பாகங்களை வாங்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் விலை, ஜோகன்னஸ்பர்க் மொத்த வியாபாரியிடம் நான்கு நான்காக வாங்கும் மனிதருக்குக் கிடைக்காது. விண்டோஸ் உரிமத்துக்கும் இதே கணக்குதான்.

பிறகு ஏன் அங்கே வாங்கினேன்? உண்மையைச் சொன்னால், தமிழ்த் தட்டச்சுக்காக. மாலில் இருந்த விற்பனையாளரிடம் தமிழ் விசைப்பலகை பற்றிக் கேட்டபோது அவர் தொலைபேசி எண் ஒன்றைக் கொடுத்தார். அந்த எண்ணில் பேசியவருக்குத் தமிழ் என்பது ஒரு மொழி என்றே விளக்க வேண்டியிருந்தது. கிரே ஸ்ட்ரீட் கடைக்காரத் தம்பிக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் அவருடைய ஆயா (பாட்டி) தமிழ்ப் பாட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பாடுவதைப் பார்த்து வளர்ந்தவர். "எந்த எழுத்து எங்கே வர வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் ஆன்ட்டி, நான் செய்து தருகிறேன்" என்று அரை நாள் உட்கார்ந்தார். தமிழ் 99 விசைப்பலகை அன்றே வேலை செய்தது. பழைய பாமினி எழுத்துருவில் நான் சேர்த்து வைத்திருந்த இருநூறு பாடத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றும் வழியையும் தேடிக் கண்டுபிடித்துத் தந்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

முதல் பழுது 2019 மார்ச்சில் வந்தது. எங்கள் நாட்டில் லோட் ஷெடிங், அதாவது பகுதிவாரியாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, கழுத்தைப் பிடித்த மாதங்களில் அது ஒன்று. மின்சாரம் போவதைவிட அது திரும்பி வருவதுதான் கருவிகளுக்கு ஆபத்து: தெரு முழுவதும் ஒரே நொடியில் உயிர்பெறும்போது மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஒரு மாலை அப்படி வந்த மின்சாரத்தில் பவர் சப்ளை கருகியது. கடைக்கு எடுத்துப் போனபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: விலையைக் குறைப்பதற்காகத் தானே மட்டமான பவர் சப்ளையைப் போட்டுவிட்டதாக. புதியதை அடக்க விலைக்கே கொடுத்து, பத்து நிமிடத்தில் மாற்றினார். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையோடு ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாக, அதைவிட வேகமான சேமிப்புப் பாகமான ஒரு எஸ்எஸ்டியும் போட்டுக்கொண்டேன். கணினி திறக்க இரண்டு நிமிடம் காத்திருந்த காலம் அன்றோடு போயிற்று.

இங்கேதான் என் மகளின் கதையையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் அவள் மாலில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆல்-இன்-ஒன் கணினியை (திரைக்குள்ளேயே எல்லாப் பாகமும் அடங்கியது) வாங்கினாள். பார்க்க மிக அழகு. மேசையில் ஒரே ஒரு கம்பி. ஓராண்டு உத்தரவாதம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2020 ஜனவரியில் லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் வந்தபோது திரை எரியவில்லை. கணினி ஜோகன்னஸ்பர்க் சேவை மையத்துக்குப் போயிற்று. ஆறு வாரம். பிறகு வந்த பதில்: முதன்மைப் பலகையையே மாற்ற வேண்டும், 6,800 ராண்டு. அவள் மறுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டு கிரே ஸ்ட்ரீட்டுக்கு வந்தாள். தம்பி திறந்து பார்த்தார். ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் தரும் பகுதியின் இணைப்பு அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். கடைகளில் கிடைக்கும் எதுவும் அதில் பொருந்தாது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அவளுடைய கல்லூரி வேலைகளை மட்டும் மீட்டுக் கொடுத்தார். மற்றதெல்லாம் குப்பை.

ஒரே வீடு, ஒரே மின்சாரம், ஒரே விதமான பழுது. என் கணினி பத்து நிமிடத்தில் எழுந்துகொண்டது. அவளுடையது எழவே இல்லை. என் பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையின் அளவும் திருகுத் துளைகளும் இணைப்புகளும் 1995இல் வந்த ஏடிஎக்ஸ் என்ற பொது வரையறையைப் பின்பற்றுபவை. எந்த நிறுவனம் செய்தாலும் பொருந்தும். சிறிய கடைகள் இந்தப் பொது வரையறையை நம்பித்தான் பிழைக்கின்றன. பெரிய நிறுவனங்களில் சில அதை விட்டு விலகுவதற்குக் கணினியின் மெலிவு, அழகு என்று காரணம் சொல்கின்றன. பழுது பார்க்கும் வேலை முழுவதும் தங்கள் வாசலுக்கே வர வேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

2020 மார்ச் 27இல் ஊரடங்கு தொடங்கியது. பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பாடம் என்றதும் மடிக்கணினிக்கு எல்லாரும் அலைந்தார்கள். கடைகள் திறக்க அனுமதி கிடைத்த பிறகு, அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய கணினிகளை வாங்கி, ராமும் எஸ்எஸ்டியும் மாற்றி, பாதி விலைக்கு அந்தத் தம்பி விற்றார். என் வகுப்புப் பிள்ளைகள் மூவர் அவற்றில்தான் அந்த ஆண்டு படித்தார்கள்.

2021 ஜூலைக் கலவரத்தை எழுதாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாட்கள் அவை. எங்கள் நகர மையம் சூறையாடப்பட்டது. அந்தச் சிறு கடையின் கதவைப் பெயர்த்து எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். பழுது பார்க்க வந்திருந்த வாடிக்கையாளர்களின் கணினிகளும் போயின. அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொருவரின் கணினியிலும் என்ன பாகம், எப்போது மாற்றியது என்று எழுதி வைத்திருப்பார், அதுவும் போயிற்று. பெரிய நிறுவனத்துக்குக் கிடங்கு எரிந்தால் காப்பீடு இருக்கும், வேறு ஊரில் வேறு கிடங்கு இருக்கும். இவருக்கு எதுவும் இல்லை. இரண்டு மாதம் வீட்டு முன்னறையில் பழுது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செப்டம்பரில் மறுபடியும் கடையைத் திறந்தார். அந்த இரண்டு மாதமும் எனக்குப் பயமாகவே இருந்தது. ஒரு தனி மனிதரை நம்பி வாங்குவதில் உள்ள பெரிய குறை இதுதான்: அவர் நோயில் படுத்தாலோ, ஊரைவிட்டுப் போனாலோ, உத்தரவாதச் சீட்டுக்கு மதிப்பில்லை. பொதுப் பாகங்கள் என்பதால் வேறு கடைக்காரர் திறக்க முடியும் என்பது மட்டுமே ஆறுதல்.

கடை திறந்த பிறகு ஒரு புதிய பழக்கம் தொடங்கினார். பாக விவரங்களைத் தாளில் எழுதி, ஒவ்வொரு பெட்டியின் பக்கத் தகட்டின் உட்புறத்திலும் ஒட்டிவிடுகிறார். கடை போனாலும் குறிப்பு கணினியோடு இருக்கும்.

இந்த எட்டு ஆண்டில் எனக்கு மிகப் பெரிய பயன் தந்தது 2023 மே மாதம். விண்டோஸ் 11க்கு என் ரைசன் 1600 தகுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. புதுக் கணினி என்றால் அப்போது எனக்குக் கட்டுப்படியாகாது. 2017இல் டாலருக்கு 13 ராண்டு அளவில் இருந்த மாற்று விலை, அந்த மாத இறுதியில் 19ஐத் தாண்டியது. தம்பி என் பெட்டியைத் திறந்து, மதர்போர்டின் எண்ணைப் பார்த்தார். ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்4 என்ற அந்த இருக்கையில் 2022இல் வந்த ரைசன் 5 5600ம் உட்காரும். பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை முதலில் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஆனால் பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும் நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பலகையே செத்துப்போகலாம். நாடு அப்போது ஆறாம் நிலை லோட் ஷெடிங்கில் இருந்தது. மின்வெட்டு நேரங்களைச் சொல்லும் எஸ்கோம்-செ-புஷ் செயலியில் கடைப் பகுதியின் நேரம் பார்த்து, மின்சாரம் வந்து அரை மணி கழித்து, மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் யுபிஎஸ் பேட்டரிப் பெட்டியும் இணைத்து, இருவரும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான்கு நிமிடம். முடிந்தது. ப்ராசஸருக்கு 2,900 ராண்டு ஆயிற்று. ஆறு வயதுக் கணினி புதியதைப் போல ஓடியது. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை எந்தப் பெரிய நிறுவனத்தின் சேவை மையத்திலும் நான் பார்த்ததில்லை.

யுபிஎஸ் பற்றி ஒரு சொல். ஈய-அமில பேட்டரி வைத்த சிறு யுபிஎஸ் எப்போதாவது நிகழும் மின்தடைக்குச் செய்யப்பட்டது. ஒரு நாளில் மூன்று முறை மின்சாரம் போனால் அது நிறைவதற்குள் மறுபடி காலியாகிறது. ஒரே ஆண்டில் பேட்டரி செத்துவிடும். நான் மூன்று முறை மாற்றினேன். 2024 மார்ச் இறுதியில் லோட் ஷெடிங் நின்று பத்து மாதம் மூச்சுவிட்டோம். அதற்குப் பிறகும் வீட்டு மின்பலகையில் பொருத்தியிருந்த மின்னழுத்த ஏற்றத் தடுப்பானை நான் கழற்றவில்லை. கணினி வாங்கும் அன்றே அப்படி ஒரு தடுப்பானைப் பொருத்திவிடுங்கள்.

குறைகளையும் எழுத வேண்டும். பெட்டியின் உள் விளிம்பு கூர்மை. தூசு துடைக்கும்போது இருமுறை விரல் கிழிந்தது. சத்தம் அதிகம். ஒவ்வொரு பாகத்துக்கும் வெவ்வேறு உத்தரவாதக் காலம். நினைவில் வைப்பது கடினம். முதல் ரசீது கையால் எழுதியது, பாகங்களின் எண்கள் இல்லை. இதில் கண்டிப்பாக இருங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுது நீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பழுது பார்த்து மாட்டிய பாகத்துக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. சின்னக் கடைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் ரசீது இல்லாமல் எதைக் காட்டுவது? திருட்டு விண்டோஸ் போட்டுத் தரும் கடைகளும் அதே தெருவில் இருக்கின்றன. அவற்றை விட்டு விலகுங்கள்.

பழுதுக்கும் மாற்றத்துக்கும் எட்டு ஆண்டில் நான் செலவழித்தது 7,000 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆரம்ப விலையோடு சேர்த்தால் ஆண்டுக்கு 2,200 ராண்டு அளவில் வருகிறது. மகள் அந்த ஆல்-இன்-ஒன்னுக்குப் பிறகு இன்னொரு கணினி வாங்கிவிட்டாள்.

கடைக்குள் நின்றுகொண்டே கைபேசியில் இணைய விலையைக் காட்டிப் பேரம் பேசுகிறவர்களை நான் அங்கே அடிக்கடி பார்க்கிறேன். அவர் ஆலோசனையை அரை மணி கேட்டுவிட்டு, பாகங்களை இணையத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். பொருள் விற்பதில் தனக்கு இப்போது ஒன்றும் நிற்பதில்லை, பழுது பார்க்கும் கூலியில்தான் வாடகை கட்டுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரிய நிறுவனங்களில் ஒன்றான டெல், 1984இல் டெக்சஸில் ஒரு கல்லூரி விடுதி அறையில் ஒரு மாணவர் கணினி பூட்டி விற்றதில் தொடங்கியது. எங்கள் நாட்டு மீசர் கணினிகளும் இங்கே பூட்டப்பட்டு வளர்ந்தவைதான். கையால் பூட்டுவதைத் தாழ்ந்த வேலையாக எண்ணுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, புரட்டாசியின் கடைசிச் சனி, பாட்டுத்தாள் அச்சுக்கு வேண்டிய மையை வாங்கப் போனபோது அந்தக் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் மடிக்கணினியோடு நின்றார்கள். விரதத்தோடு காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. சிலவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார், சிலவற்றுக்குக் கைவிரித்தார். என் கிராபிக்ஸ் கார்டின் சிறு விசிறி கரகரக்கிறது என்று சொன்னேன். பழைய கார்டு ஒன்றிலிருந்து கழற்றிய விசிறியை எடுத்துக் காட்டி, கூட்டம் குறைந்ததும் அடுத்த வியாழன் கொண்டுவாருங்கள் ஆன்ட்டி, நூறு ராண்டு போதும் என்றார். பக்கத் தகட்டுத் தாளில் எழுத இன்னும் ஆறு வரி இடம் இருக்கிறது.