ஓடி வந்தவரைத் தேடிய ஆறு மாதச் சந்தா

குழித்துறையில் முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். திருவிதாங்கூர்க் காலத்து மலையாள ஆதாரங்களை வாங்கி வைத்துக்கொண்டு, மாதத்தைப் பார்த்துக் கொல்லம் ஆண்டோடு 824-ஐயோ 825-ஐயோ கூட்டி, முன் ஆதாரம், அதற்கும் முன் ஆதாரம் என்று ஒவ்வொரு படியாகப் பின்னே போவதுதான் என் தொழில். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் என் மகள், பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப மரம் வரைய வேண்டும் என்றாள். மருமகன் பக்கத்தில் 'ஜெர்மனியில் கலகம் நடந்தது, தப்பி வந்தார், எல்லிஸ் தீவில் இறங்கினார்' என்ற ஒரு வரி மட்டுமே மிஞ்சியிருந்தது. "அப்பா, உங்களுக்குப் பழைய காகிதம் கிடைத்தால் சோறு வேண்டாமே, நீங்கள்தான் பாருங்கள்" என்று அவள் சொன்னபோது, விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் ஒரு கட்டண வம்சாவளித் தளத்தில் ஆறு மாதச் சந்தா கட்டினேன்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குகளைப் பொறுத்தவரை இந்தத் தளத்தைக் குறை சொல்ல முடியாது. 1850-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் குடும்பத் தலைவர் மட்டுமன்றி, அடிமைகள் நீங்கலாக வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரும் முதன்முறையாக எழுதப்பட்டது. அந்தப் பக்கங்களின் படங்கள் தெளிவாகவும் விரைவாகவும் திறக்கின்றன. மருமகனின் முன்னோரான சிம்மர்மன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியை, இல்லினாயின் பெல்வில் நகரை அடுத்து அதில் கண்டேன். 1860-இல் அவரைக் காணவில்லை. தளத்தின் தேடுபொறி நூற்றுக்கணக்கான சிம்மர்மன்களை அள்ளிக் கொட்டியதே தவிர, அவரைத் தரவில்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டு, மனைவியின் பெயரையும் மூத்த மகளின் வயதையும் வைத்து அந்த ஊரின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோதுதான் விவரம் புரிந்தது. ஜெர்மனில் தச்சரைக் குறிக்கும் அந்தக் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் கார்ப்பென்டர் என்று எழுதியிருந்தார்கள். தொழில் என்ற கட்டத்திலோ செருப்புத் தைப்பவர் என்றே இருந்தது. எழுத்து மாறிய பெயரை இயந்திரம் கண்டுபிடித்துவிடுகிறது; மொழிபெயர்க்கப்பட்ட பெயரை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் யோவானாகவும் அடுத்ததில் யோகன்னானாகவும் மூன்றாவதில் ஜானாகவும் இருக்கும் விளவங்கோட்டில் தொழில் செய்தவனுக்கு இது புதிதல்ல.

தளம் தானாக அனுப்பும் 'குறிப்புகள்' தொல்லையே அன்றி உதவியல்ல. பிற சந்தாதாரர்கள் ஆதாரமில்லாமல் கட்டிய மரங்களை நம்பி, பென்சில்வேனியாவின் ஆங்கிலேய வழிக் கார்ப்பென்டர் ஒருவரை அது எங்கள் தலையில் கட்டப் பார்த்தது. 1860 கணக்கில் பிறந்த இடம் 'பாடன்' என்று இருக்கிறது. அது தென்மேற்கு ஜெர்மனியில் அன்று தனி அரசாக இருந்த ஒரு பெருநிலம். தளமோ அதை ஒருமுறை பாடன் பாடன் நகரமாகவும், மறுமுறை சுவிட்சர்லாந்தில் அதே பெயருள்ள ஊராகவும் மாற்றிக்கொண்டது.

கப்பல் பட்டியல்களுக்காகச் சந்தா கட்டுவோர் ஆண்டுகளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் குடியேற வந்தோரைப் பதிந்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892-இல். அதற்கு முந்திய காசில் கார்டன் நிலையமே 1855-இல்தான் வந்தது. ஜெர்மன் துறைமுகமான ஹாம்பர்க்கில் புறப்பாட்டைப் பதிந்த பட்டியல்கள் 1850-இலிருந்துதான் இருக்கின்றன; பிரேமன் துறைமுகப் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. கலகம் நடந்த 1848-இல் ஓடியவருக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. நியூயார்க்கில் வந்திறங்கியோர் பட்டியல் 1820 முதல் இருந்தாலும், அந்தக் காலத்துப் பக்கங்களில் ஊரின் இடத்தில் பெரும்பாலும் 'ஜெர்மனி' என்ற ஒற்றைச் சொல்தான் காணப்படுகிறது. இந்தத் தளம் அவரைக் குடிபெயர்ந்தவராக வைத்துத் தேடியது. அரசின் அனுமதி பெற்றுப் புறப்பட்டவருக்குத்தான் குடிபெயர்வுக் காகிதம் இருக்கும். இரவோடு இரவாக எல்லை தாண்டியவரை வழக்குக் கட்டில் தேட வேண்டும். அந்தக் கட்டைப் பிரிப்பதற்கோ அவருடைய ஊர் தெரிந்தாக வேண்டும்.

ஊரைத் தந்தது அவருடைய மனைவியின் விதவை ஓய்வூதிய மனு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கணவர் 82-ஆம் இல்லினாய் காலாட்படையில் சேர்ந்திருந்தார். இந்தத் தளத்தில் இருப்பது அந்த மனுவின் பெயரையும் எண்ணையும் காட்டும் அட்டவணை அட்டை மட்டுமே. முழுக் கோப்பை வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து தனிக் கட்டணம் செலுத்தி மகள் வரவழைத்தாள். இந்தத் தேடலில் செலவழித்த பணத்திலேயே பயன் தந்தது அதுதான். கணவர் சிம்மர்மன் என்ற பெயரில் படையில் சேர்ந்தார், அக்கம்பக்கத்தார் கார்ப்பென்டர் என்பார்கள், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அந்த அம்மாள் உறுதிமொழி கொடுத்திருந்தார். அதே வாசகத்தை நான் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்! திருமணத்தை மெய்ப்பிக்க அவர் இணைத்திருந்த தேவாலயச் சான்றில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு வடக்கே, பாடனில், காண்டெர்ன் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் இருந்தது.

காண்டெர்ன் என்றதும் மற்றவை விளங்கின. 1848 ஏப்ரலில் குடியரசு வேண்டும் என்று கான்ஸ்டன்ஸிலிருந்து கிளம்பிய ஃபிரீட்ரிஷ் ஹெக்கரின் படை, ஏப்ரல் 20-ஆம் நாள் அந்த ஊருக்கு அருகில்தான் சிதறடிக்கப்பட்டது. எதிர்த்து நின்ற அரசுப் படையின் தளபதி காகர்னும் அங்கேயே இறந்தார். நம் கணக்கில் அது கொல்லம் 1023 மேட மாதம். ஹெக்கர் சுவிட்சர்லாந்து வழியாகத் தப்பி, அதே ஆண்டில் அமெரிக்கா சேர்ந்து, பெல்வில்லுக்கு அருகே நிலம் வாங்கி விவசாயம் செய்தார். 1862-இல் 82-ஆம் இல்லினாய் படைக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. எங்கள் செருப்புத் தொழிலாளி அந்த மனிதரை இரண்டு கண்டங்களில் பின்தொடர்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கட்டணத் தளம் தேவைப்படவில்லை. பாடனில் பாதிரியார்கள் எழுதி, ஆண்டுதோறும் அரசுக்கு இன்னொரு படி அனுப்பிய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் 1810 முதல் 1870 வரையிலானவற்றை, தென்பகுதி ஊர்களுக்கு, ஃபிரைபுர்க் அரசு ஆவணக் காப்பகம் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. அவை பழைய ஜெர்மன் கையெழுத்தான குரெண்டில் உள்ளன. அதில் 'ஏ' ஓசைக்குரிய எழுத்து, ஆங்கில 'என்' போலத் தோன்றும்; 'ஊ' ஓசைக்குரிய எழுத்தின் மேல் ஒரு வளைகோடு இருக்கும். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. 1847-இல் நடந்த திருமணமும் 1822-இல் அவர் பிறந்த பதிவும் கிடைத்தன. அனுமதியின்றிப் போனவர் என்பதால் குடிபெயர்வோர் தரவுத்தளத்தில் அவர் பெயர் இல்லை. கார்ல்ஸ்ரூஹே மாநில ஆவணக் காப்பகத்தின் பட்டியலில், ராஜத்துரோக விசாரணைக் கட்டு ஒன்றில் இருக்கிறது. அதன் நகலுக்கு எழுதியிருக்கிறோம்.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் என்னைக் கேட்காமலே மகளின் அட்டையிலிருந்து அடுத்த ஆறு மாதத் தொகையை எடுத்துக்கொண்டார்கள். திரும்பப் பெற நான்கு மின்னஞ்சல்கள் ஆயின.

வாங்கத்தான் வேண்டும் என்போர் முதலில் சால்ட் லேக் சிட்டியில் தேவாலயம் ஒன்று நடத்தும் இலவசத் தளமான ஃபேமிலிசர்ச்சில் கணக்குத் தொடங்கிப் பாருங்கள். 1850, 1860 கணக்குகள் அங்கேயே இருக்கின்றன. அதன் பிறகும் தேவைப்பட்டால் ஒரு மாதச் சந்தா போதும். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். மீதிப் பணத்தை ஓய்வூதியக் கோப்பின் நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.