பாமினியில் தட்டும் கைக்கு எந்தக் கீபோர்ட்?

யாழ்ப்பாணத்து அச்சகமொன்றில் நாள் முழுக்கப் பாமினி என்ற தமிழ் எழுத்துருவின் விசை அமைப்பில் தட்டுபவரின் வலது சுண்டுவிரலைக் கேட்டுப் பாருங்கள். மெய்யெழுத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அரைப்புள்ளி (;) விசையை அமுக்குவது அதுதான். கு, பு வந்தால் ஷிஃப்ட் வேறு.

சாதாரண மெம்பிரேன் கீபோர்ட் மலிவு, எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும், சத்தமும் குறைவு. ஆனால் அடியிலுள்ள ரப்பர் முழுதாக அமுங்கினால்தான் எழுத்து விழும். இரண்டு கையும் நடுவில் நெருங்குவதால் மணிக்கட்டும் வெளிப்பக்கம் வளையும்.

இரண்டாகப் பிரிந்த, விசைக்கு ஒரு தனிச் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு பாதியையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கலாம். செரி எம்எக்ஸ் ரெட் போன்ற சுவிட்ச் என்றால் 4 மி.மீ. பயணத்தில் 2 மி.மீ. அமுங்கினாலே போதும். எனக்குப் பெரிதாகப் படுவது கட்டைவிரல் விசைகள். விசைகளின் வேலையை மாற்றியமைக்கும் கியூஎம்கே (QMK) மென்பொருளை ஏற்கும் பலகையென்றால் ஷிஃப்டையும் அந்த அரைப்புள்ளியையும் கட்டைவிரலுக்கே மாற்றிவிடலாம். மாற்றம் பலகைக்குள்ளேயே பதிவதால் வேறு கணினியில் செருகினாலும் அப்படியே இருக்கும். தமிழ்99 என்ற மற்ற விசை அமைப்பில் தட்டுபவருக்கு இன்னும் வசதி: உயிரெழுத்துகள் இடப்பாதியில், மெய்களில் பெரும்பாலானவை வலப்பாதியில்.

விலை மட்டும் பல மடங்கு. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். சித்தப்பா யாராவது கனடாவில் இருந்தால் சரி. முதல் சில வாரங்கள் வேகமும் விழும், அவசர வேலை இருக்கும் மாதத்தில் மாறாதீர்கள்.

நாளுக்கு ஒரு மணித்தியாலம் தட்டுபவருக்கு மெம்பிரேனே போதும். தட்டச்சே பிழைப்பென்றால் பிரிந்ததை வாங்குங்கள். டிக் டிக்கென்று சத்தம் போடும் நீலச் சுவிட்ச் மட்டும் வேண்டாம், பக்கத்து மேசைக்காரர் சண்டைக்கு வருவார்.