பேயைக் காட்டும் என்று விற்கப்படும் மின்காந்த அளவி

பாட்டி மறைந்த சில வாரங்களில், அவர் படுத்திருந்த அறையில் நள்ளிரவில் விழித்த நான், கை கால்களை அசைக்க முடியாமல், காலடியில் யாரோ நிற்பதாக உணர்ந்தேன். ஊரார் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். மருத்துவம் உறக்க வாதம் என்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று, ஆவி வந்தால் ஐந்து விளக்குகளும் எரியும் என விளம்பரப்படுத்தப்பட்ட இக்கருவியை இணையத்தில் வாங்கினேன்.

அந்த அறையில் முதல் விளக்குக்கு மேல் எதுவும் எரியவில்லை. மின்மீட்டர் பெட்டியின் அருகே கொண்டு சென்றபோதும், கைப்பேசிக்கு அழைப்பு வந்தபோதும் சிவப்பு வரை எரிந்தது. மாறும் காந்தப் புலத்தை உணர்வதே அதன் வேலை என்பதால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓட்டத்துக்கு அது சரியாகவே வினையாற்றுகிறது. ஆவிக்கு அத்தகைய புலம் உண்டு என்று எவரும் நிறுவியதில்லை. பிழை கருவியில் இல்லை, விளம்பரத்தில்தான்.

1998-இல் விக் டாண்டி என்ற பொறியாளர், தம் ஆய்வகத்தில் தோன்றிய 'உருவத்துக்கு' மின்விசிறி எழுப்பிய, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று எழுதினார். அத்தகைய அதிர்வை இக்கருவி உணரவே உணராது.

சுவரில் துளையிடுமுன் மின்கம்பி செல்லும் தடத்தைத் தோராயமாக அறிய உதவுகிறது. அதற்காக மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன்.