டோனல் தாமஸின் நோபல் உரை: இணையத்தில் கிடைக்கும் பக்கங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அடித்தளமிட்ட அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸின் ஆய்வு வாழ்வை அறிய விரும்புவோருக்கு, நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளம் கட்டணமின்றி வழங்கும் பக்கங்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1990-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை, சிறுநீரக மாற்று சிகிச்சையின் முன்னோடி ஜோசப் மர்ரேயுடன் அவர் பகிர்ந்துகொண்டார். அப்போது வெளியான செய்திக் குறிப்பு, அவரே எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, டிசம்பர் 8 அன்று அவர் ஆற்றிய உரை ஆகியவை அங்கே உள்ளன. செய்திக் குறிப்பைப் படிக்காமல் விட்டால் பெரிய இழப்பில்லை; உரையை விட்டுவிடக் கூடாது.

பரிசு பெற்ற மேடையில் நின்றுகொண்டு, தோற்றுப்போன ஆண்டுகளையும் மறைக்காமல் ஒருவர் பேசுவது அரிது. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் மருத்துவ ஆய்வாளர் ஜோசப் ஃபெர்ரபீயுடன் பணியாற்றிய நாட்களில், கதிர்வீச்சும் மருந்தும் பெற்ற நோயாளிகளுக்குப் பிறருடைய மஜ்ஜையை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்தார் தாமஸ். 1957-இல் வெளியான அந்தக் கட்டுரையில் இடம்பெற்ற ஆறு பேரில் ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அடுத்து, இரத்தப் புற்றுநோய் கண்டவருக்கு ஒத்த இரட்டையரின் மஜ்ஜை கொடுக்கப்பட்டது. இரத்த உற்பத்தி மீண்டது, ஆனால் சில மாதங்களில் புற்றுநோயும் மீண்டது. மஜ்ஜையில் இருந்து இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்கள் புதிய உடலில் வேரூன்றும் என்பதும், கதிர்வீச்சு மட்டுமே நோயை ஒழித்துவிடாது என்பதும் 1959-இல் வெளியான அந்த முடிவிலிருந்து ஒருசேரத் தெளிவாயின.

என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதற்குப் பின் வருவது. செலுத்தப்பட்ட அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கியதால், 1960-களில் பல ஆய்வாளர்கள் இத்துறையைக் கைவிட்டபோது, தாமஸின் குழு நாய்களிடம் சோதனையைத் தொடர்ந்தது. ஒரே ஈற்றில் பிறந்த நாய்களுள் திசு அடையாளம் ஒத்தவற்றைத் தேர்ந்து மஜ்ஜையை மாற்றி, பின்னர் நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தும் கொடுத்தபோது அவை நெடுங்காலம் வாழ்ந்தன. 1963-இல் சியாட்டிலுக்கு இடம்பெயர்ந்த அவர், 1969-இல் பொருத்தமான உடன்பிறந்தாரைக் கொடையாளராகக் கொண்டு மனிதர்களுக்கு மீண்டும் இச்சிகிச்சையைத் தொடங்கினார். ஆய்வகத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே இப்படிப் பொறுமையாகப் போய்வந்த முறையை வேறெந்தச் சுருக்கமான வரலாற்றிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

1977-இல் வெளியிடப்பட்ட நூறு நோயாளிகளின் முடிவுகளைப் பற்றிய பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பிற சிகிச்சைகளெல்லாம் பலனளிக்காத, நோய் முற்றிய அந்த நூறு பேரில் 13 பேர் மட்டுமே அப்போது நோயின்றி உயிருடன் இருந்தனர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது தோல்விக் கணக்காகவே தோன்றும். தாமஸோ, உயிர்வாழ்வைக் காட்டும் வரைகோடு ஒரு கட்டத்துக்குப் பின் சரியாமல் சமமாக ஓடுவதைக் கவனித்தார். அப்படித் தப்பியவர்கள் குணமடைந்தவர்களே என்றால், நோய் முற்றும்வரை காத்திருப்பானேன் என்ற கேள்வி எழுந்தது. நோய் தணிந்திருக்கும் காலத்திலேயே மாற்று சிகிச்சை செய்தபோது பலன் கணிசமாக உயர்ந்தது.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமானது. டெக்சாஸில் ஒரு கிராம மருத்துவரின் மகனாகப் பிறந்தது முதல் ஹார்வர்டில் மருத்துவம் பயின்றது வரை விரைந்து கடக்கிறது. அவருடைய மனைவி டோரத்தி, இதழியல் படிப்பை விட்டு ஆய்வகத் தொழில்நுட்பம் பயின்று, வாழ்நாள் முழுவதும் அவருடன் உழைத்தவர். தாமஸின் கட்டுரைகளைச் செப்பனிட்டவரும் டோரத்தியே. மஜ்ஜை மாற்று சிகிச்சையின் தாய் என்று சக ஆய்வாளர்களால் அழைக்கப்பட்ட அவரைப் பற்றி இன்னும் பல பக்கங்கள் எழுதியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. உரை மருத்துவர்களுக்காக ஆற்றப்பட்டது. திசுப் பொருத்தம், நோயெதிர்ப்பு ஆகியவற்றில் அடிப்படை அறிவு இல்லாதவர் இடையிலேயே தடுமாறுவார். தமிழில் படிக்க வழியில்லை. நோயாளிகள் எண்ணிக்கையாக வருகிறார்களே தவிர, அவர்கள் பட்ட பாடு இதில் இல்லை. மேலும் கதை 1990-உடன் நின்றுவிடுகிறது. இன்று குருத்தணுக்கள் பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து எடுக்கப்படாமல், ஊசி மருந்துக்குப் பின் கொடையாளரின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கப்படுகின்றன. பாதி மட்டும் பொருந்தும் பெற்றோரும் பிள்ளைகளும்கூடக் கொடையாளராக முடிகிறது. ஆகவே சிகிச்சை குறித்து முடிவெடுக்க வேண்டிய குடும்பத்தினர் இந்த உரையை வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது. அவர்கள் தங்கள் இரத்தநோய் மருத்துவரிடமே கேட்க வேண்டும். மருத்துவ மாணவர்களுக்கும், அறிவியல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கும், குறிப்பாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே தொடங்கிய இச்சிகிச்சையின் மூலத்தை அறிய விரும்புவோருக்கும் இது மிகவும் பயன்படும். முதலில் வாழ்க்கைக் குறிப்பையும், பின்னர் உரையையும் படிப்பது எளிதாக இருக்கும்.