எண்ணா, வகுப்பறையா, மாணவர் குழுவா? சமூகநீதிக்கான கல்வி ஆய்வில் எதை எப்போது எடுப்பது

புள்ளிவிவர அலசல், வகுப்பறை இனவரைவியல் (வகுப்பில் உட்கார்ந்து நடப்பதைக் கவனித்து எழுதுவது), மாணவர்களே ஆய்வாளர்களாகும் பங்கேற்புச் செயலாய்வு. மூன்றில் எது உசத்தி என்ற சண்டை வீண். முடிவை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவர் எதைக் காட்டினால் அசைவார் என்பதே தேர்வைத் தீர்மானிக்கும்.

மேலதிகாரிகள் பெரும்பாலும் எண்ணுக்குத்தான் அசைவார்கள். ஆனால் சராசரி ஏமாற்றும். 500 பேர் படிக்கும் ஒரு பள்ளியில் 35 பேர் இடைநீக்கம் என்றால் 7 சதவீதம். யாரும் பதற மாட்டார்கள். பிரித்துப் பாருங்கள்: 400 பேர் கொண்ட பிரிவில் 20 பேர், 100 பேர் கொண்ட பிரிவில் 15 பேர். அதாவது 5 சதவீதத்துக்கு எதிரே 15 சதவீதம், மும்மடங்கு. இதற்குப் பிறகுதான் பெரிய சறுக்கல் வரும். "வருமானம், பழைய மதிப்பெண், எந்த செக்‌ஷன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தோம், இடைவெளி காணாமல் போனது" என்று அறிக்கை முடியும். ஒரு பிரிவினரைக் கடைசி செக்‌ஷனில் தள்ளியதே பாகுபாடு என்றால், அந்தக் கணக்கு தடயத்தைத் துடைத்துவிட்டது. வருமானம், மதிப்பெண் போன்ற மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் இடைவெளி எவ்வளவு என்று அச்சிடுங்கள். 10 பேருக்குக் குறைவான பிரிவுகளை வெளியிடாதீர்கள்; ஆள் யாரென்று தெரிந்துவிடும். சில ஆண்டுகளின் தரவைச் சேர்த்துக் காட்டலாம்.

பாகுபாடு எப்படி நடக்கிறது என்று எண் சொல்லாது. அதற்கு வகுப்பில் உட்கார வேண்டும். இருக்கை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆசிரியர் யாரைக் கேட்டார், பதிலுக்கு எத்தனை நொடி காத்திருந்தார், தவறான விடைக்கு என்ன செய்தார் என்று குறியுங்கள். முதல் சில நாள் ஆசிரியர் உங்களுக்காகவே பாடம் நடத்துவார். அந்தக் குறிப்புகளை நம்ப வேண்டாம். உழைக்கும் வர்க்க மாணவர்களைப் பற்றி பிரிட்டிஷ் ஆய்வாளர் பால் வில்லிஸ் 1977-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் மையத்தில் இருந்தது 12 பையன்கள்தான். அதன் மீது வந்த கடும் விமர்சனம், பெண்பிள்ளைகள் எங்கே என்பதுதான். கல்வி ஆய்வாளர் ஈவ் டக் 2009-இல் எச்சரித்த இன்னொரு பொறியும் உண்டு: சமூகத்தின் காயங்களை மட்டுமே எழுதி எழுதி, அந்த மக்களையே ஊனப்பட்டவர்களாகக் காட்டிவிடுவது.

செயலாய்வு என்ற கருத்தை 1940-களில் உளவியலாளர் கர்ட் லெவின் முன்வைத்தார். அதை மக்கள் பங்கேற்பாக வளர்த்தவர்களில் கொலம்பியாவின் சமூகவியலாளர் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா முக்கியமானவர். திட்டமிடு, செய், கவனி, சிந்தி என்ற சுற்று, மீண்டும் அதே சுற்று. எட்டுப் பத்து மாணவர்கள் போதும். இரண்டு சுற்று முடிக்க ஒரு கல்வியாண்டு ஆகும். பிசகுவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே: கேள்வியைப் பெரியவர்கள் எழுதிவிட்டு, பிள்ளைகளைக் கருத்துக்கணிப்புத் தாள் விநியோகிக்க அனுப்புவார்கள். அது பங்கேற்பல்ல, சம்பளமில்லா வேலை. குழுவில் வாய்ச்சாலக்காரர்களை மட்டும் சேர்த்தாலும் அதே கதி. சிறிய பள்ளியில் பெயரை மறைத்தாலும் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். எனவே மாணவர் ஒப்புதல், பெற்றோர் ஒப்புதல் இரண்டோடு, விமர்சித்தவர் மீது நடவடிக்கை இல்லை என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும்.

உள்ளூர் முடிவு என்றால் எங்கள் வாக்கு செயலாய்வுக்கே. ஒரு நிபந்தனை: எந்த விதி மாற்றத்துக்குத் திறந்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். மறுத்தால் மாணவர்களை இழுக்காதீர்கள்; பிரித்தெடுத்த எண்களோடு நேராக மேலிடத்துக்குப் போங்கள்.